மெடிக்கல் போர்டுக்கு வந்த போர்டு ஆசாரி

திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வேரிலிருந்து கொழுந்து வரைக்கும் முழுசாகத் தெரிந்த மனிதர் இந்த ஊரிலேயே ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆயிரம் வார்த்தைகளை அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்துக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அவர் போர்டு ஆசாரி. தக்கலைப் பக்கம். மரவேலைக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடந்துகொண்டே இருப்பார். அவர் முழுசாகத் தெரிந்துவைத்திருக்கும் அந்த ஒரு வார்த்தை, போர்டு.

நான் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. கரமனையில் ஆற்றை ஒட்டி ஒரு பழைய வீட்டை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதில் என் பாய்க்கு அடுத்த பாய் ஆசாரியுடையது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை பெய்தால் ஆறு வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் பைப்பில் தண்ணீர் வராதோ என்று பயம். ஆசாரிக்கோ பயம் என்றால் என்ன நிறம் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது போர்டு மட்டும்.

அந்த வார்த்தை அவருக்குள் புகுந்த விதம் வேடிக்கை. சாஸ்தமங்கலம் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் அலமாரி செய்யப் போனார். வீட்டம்மா அதைக் கப்போர்டு என்றார். கப் வைக்கவா என்று இவர் கேட்டார். இல்லை, சேலை வைக்க என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், ஆசாரிக்கு உளி ஓடவில்லை. சேலை வைக்கிற சாமானுக்கு எதற்குக் கப்பின் பெயர்? காலையில் கேட்டார், டீ நேரத்தில் கேட்டார், ஆணி அடிக்க வேண்டிய நேரத்தில் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்த வீட்டுக்காரர் ரிட்டயர்டான வாத்தியார். தொல்லை பொறுக்காமல், பரணில் கிடந்த ஒரு டிக்‌ஷனரியைத் தூக்கிக் கொடுத்து, இதில் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டார்.

அது கரையான் தின்ற டிக்‌ஷனரி. ஏ என்கிற எழுத்து முழுக்கக் காலி. சி-யிலிருந்து கடைசி வரைக்கும் தூள். நடுவில் பி-யில் மட்டும் ஒரு விரல் கனத்துக்குத் தாள்கள் தப்பியிருந்தன. ‘போர்டு’ என்கிற வார்த்தைக்கான விளக்கம் அதில் ஒன்றரைப் பத்தி நீளத்துக்கு முழுசாகக் கிடைத்தது. கரையானே ஆசாரிக்கென்று ஒதுக்கி வைத்த மாதிரி.

பத்தாவது ஃபெயில் ஆனவருக்கு அந்த ஒன்றரைப் பத்தி மூன்று மாச வேலையாயிற்று. எழுத்துக் கூட்டிப் படித்தார். புரியாத இடத்துக்கு அடியில் தச்சுப் பென்சிலால் கோடு போட்டார். வேலை நடக்கும் ஃப்ளாட்டின் லிஃப்டில் யார் ஏறினாலும் அவர்களிடம் ஒரு கோட்டுக்கு அர்த்தம் கேட்டார். பாவம், நாலாவது மாடிக்குப் போகிறவர்கள் சிலர் படியில் ஏற ஆரம்பித்தார்கள். ஆனால் மூன்று மாசம் கழித்து அவர் எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்து, ரெண்டு செங்கல் மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு சொன்னாரே, அதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

“ஆதியில போர்டுன்னா வெறும் பலகை. மரத்த அறுத்தா வருமே, அது. அதுக்குக் கால் வச்சான், மேசையாச்சு. அதுக்கும் போர்டுன்னே பேரு. மேசையில சோறு வச்சான். சோத்துக்கும் அதே பேரு. சோறு தின்ன பெரியாளுக நாலு பேரு அங்கயே உக்காந்து ஊர்க் காரியம் பேசினான். அவனுகளுக்கும் அதே பேரு. பலகைய அடுக்கிக் கப்பல் செஞ்சான், கப்பலுக்க விலாவுக்கும் அதே பேரு. அந்த விலாவத் தாண்டி உள்ள போனான், ஏறுகதுக்கும் அதே பேரு. எல்லாப் பயலும் ஆசாரி பலகைய அறுத்துப் போட்டதுக்குப் பொறவு வந்தவனுகதான், கேட்டேரா?”

கப்போர்டுக்கும் விடை கிடைத்திருந்தது. ஆதியில் அது கப்புகளை அடுக்கி வைக்கிற வெறும் பலகைதானாம். கதவு பிறகு வந்தது. சேலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. இதைச் சொல்வதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அவர் காப்பி கொடுத்து அனுப்பினாராம்.

அதற்குப் பிறகு அவரோடு வெளியே போவது என்பது எனக்கு ஒரு சோதனை. பஸ்ஸில் ஏறும்போது ஏறுவதற்குக் கப்பல் காலத்திலிருந்து காரணம் சொல்லிக்கொண்டே ஏறுவார். ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நிற்பார். கண்டக்டர்கள் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே முன் வாசலைக் காட்டுவார்கள். ஒரு கண்டக்டர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சேட்டா, கப்பலிலும் டிக்கெட் எடுக்கணும்” என்றார். ஆசாரி அந்தப் பதிலை ரொம்ப மெச்சினார். ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒருமுறை நாங்கள் எல்லாரும் பொன்முடி பார்க்கப் போனோம். கல்லாற்றில் இறங்கி ஆற்றில் கால் நனைத்துவிட்டு வந்தால் பசி. எதிரே ஒரு சின்னக் கட்டடம். அதன் நெற்றியில் போர்டிங் அண்ட் லாட்ஜிங் என்று எழுதியிருந்தது. ஆசாரி நேராக உள்ளே போய் ஐந்து சாப்பாடு என்றார். இங்கே ரூம் மட்டும்தான், சாப்பாடு கிடையாது என்றார் அங்கிருந்தவர். ஆசாரி அவரை வெளியே அழைத்துவந்து போர்டைக் காட்டினார். லாட்ஜிங் என்றால் படுக்கை. சரி. போர்டிங் என்றால் சோறு. மேசையில் வைத்த சோறு. அது எங்கே? ஒன்று சோறு போடும், இல்லை அந்தப் பாதியை இறக்கும் என்று ஏணி கேட்டார். வெளியூர்க்காரர்கள் வந்து கலாட்டா பண்ணுகிறார்கள் என்று யாராவது போலீஸைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று நான் பின்பக்கமாக நழுவி, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லாரும் பின்கட்டில் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனிதருடைய மனைவி சிரித்துக்கொண்டே பரிமாறுகிறார். இத்தனை வருஷத்தில் அந்தப் போர்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் ஆள் இவர்தான் என்றாராம். சாப்பிட்ட கையோடு ஆசாரி அவர்கள் வீட்டுப் பெஞ்சின் ஆடுகிற காலைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் வெறும் வாய்ப் பேச்சுக்காரர் இல்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். நகரத்தில் ஒரு கம்பெனிக்குப் போர்டு ரூம் மேசை செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. மேலே தேக்கு மாதிரிப் படம் ஒட்டியது. ஆசாரி முடியாது என்றுவிட்டார். ரூமுக்குப் பெயர் வந்ததே மேசையால்தான். பேர் கொடுத்தவனையே போலியாகச் செய்யலாமா என்று மூன்று நாள் மேனேஜரோடு வாதம். கடைசியில் மேனேஜர் களைத்துப்போய், நடுவில் ஒரே ஒரு நிஜத் தேக்குப் பலகைக்குச் சம்மதித்தார். திறப்பு நாளில் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் சேர்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆசாரி மட்டும் குனிந்து அந்த நடுப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துச் சேர்மனும் தொட்டுக் கும்பிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வார்த்தை வேறு மாதிரி வந்து சேர்ந்தது.

டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஒருநாள் கை நழுவி, என் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்து, விரல் இரண்டையும் போகாமல் காப்பாற்றிவிட்டார்கள். பார்வைக்கு எல்லாம் இருக்கும். ஆனால் அந்த ரெண்டு விரலும் ஒன்றையொன்று தொடாது. இதைக்கூட நான் இடது கையால்தான் எழுதுகிறேன்.

கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் உதவி உண்டு என்றார்கள். முப்பது வருஷமாக நான் இங்கேயே அதில் உறுப்பினர். ஆனால் அதற்கு மெடிக்கல் போர்டின் முன்னால் போய் நின்று சான்றிதழ் வாங்க வேண்டும். கிடைத்தால், சைட்டில் லெவல் பார்க்கிற மாதிரி எதையாவது செய்துகொண்டு இங்கே ஒப்பேற்றலாம். மகளும் பாலிடெக்னிக்கை முடித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், அவள் படிப்புக்கும் சேர்த்து.

மெடிக்கல் போர்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழெட்டு டாக்டர்கள் உயரமான இடத்தில் வரிசையாக உட்கார்ந்து, இவன் பொய் சொல்கிறான் என்று ஒரே குரலில் சொல்லுவது மாதிரி ஒரு காட்சி. கையில் இருந்த காகிதங்களை நாலு ஜெராக்ஸ் எடுத்தேன். பிறகு அந்த ஜெராக்ஸ் தொலைந்துபோனால் என்று இன்னும் நாலு எடுத்தேன். ஆசாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஓய் கொத்தனாரே, போர்டுன்னா அந்த ஆளுக இல்ல ஓய். அவங்களுக்கு முன்னால கிடக்க பலகை. பலகை வாரதுக்கு மின்ன அவங்களுக்குப் பேரே கிடையாது. பலகையப் பாத்தா பயப்படுவேரா?”

நான் பயப்படத்தான் செய்தேன். அதனால் அவர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வருகிறவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். ஆசாரி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பென்சிலும் கொஞ்சம் ஸ்க்ரூவுமாக, பெருமையாகப் பைஸ்டாண்டராக வந்தார்.

வராந்தாவில் எங்களுக்கு முன்னால் நீளமாக வரிசை. ஆசாரி அங்கேயும் சும்மா இருக்கவில்லை. போர்டில் இன்னொரு சங்கதி உண்டு என்றார். சீட்டு விளையாடுகிறவன் கையைப் பலகைக்கு அடியில் கொண்டுபோனால் அவன் ஏமாற்றுகிறான் என்று அர்த்தமாம். பலகைக்கு மேலே வைத்தால் யோக்கியன். அதனால்தான் நேர்மையான காரியத்துக்கு அபவ் போர்டு என்று சொல்வது. ஆகவே உள்ளே போனதும் கையை மடியில் ஒளித்துவைக்காமல் மேசை மேல் வைக்கவேண்டும் என்று என்னை நாலு தடவை சொல்லவைத்தார். பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒருத்தர், அப்படியானால் காலை எங்கே வைப்பது என்று கேட்டார். ஆசாரி அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆசாரியும் என் பின்னாலேயே நுழைந்தார். உள்ளே மொத்தம் மூன்றே பேர். நடுவில் கண்ணாடி போட்ட டாக்டரம்மா. ரெண்டு பக்கமும் வயசு குறைந்த டாக்டர்கள் ரெண்டு பேர். உயரமான இடமும் இல்லை. சாதாரண மேசை. நான் ஆசாரி சொன்னபடி கையை மேசை மேல் வைத்தேன்.

டாக்டரம்மா விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை மடக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பேனாவைக் கொடுத்தார். அதை மீதி விரல்களுக்குள் செருகித் தூக்கிக் காட்டினேன். பாரம் எடுக்க முடியுமா? முடியும். “பழைய பணி செய்யான் பற்றுமோ?” பழைய வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

“முடியும் டாக்டரே.”

கை பலகைக்கு மேலேதான் இருந்தது. வாய்தான் அடியில் போய்விட்டது.

நான் வேண்டுமென்றே சொன்னது அல்ல அது. முப்பது வருஷப் பழக்கம். காலையில் சைட்டில் மேஸ்திரி கேட்பார், இத்தனை பெட்டி மேலே ஏற்ற முடியுமா? முடியும். மழையில் வேலை செய்ய முடியுமா? முடியும். காய்ச்சலாமே, முடியுமா? முடியும். முடியாது என்று சொன்ன வாய் மறுநாள் அந்த சைட்டில் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் முடியுமா என்று கேட்டால் என் வாயில் வேறு பதிலே கிடையாது. என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தபோது டாக்டரம்மா எழுத ஆரம்பித்துவிட்டார். மகள் முகம் கண் முன்னால் வந்தது. சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஆசாரி சொன்னார்: “டாக்டரே, இந்தப் பலகை ஆடுது.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். ஆமாம், அவர் எழுதும்போதெல்லாம் மேசை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அது கொஞ்ச நாளாக ஆடுகிறது, குழப்பமில்லை என்றார், பரவாயில்லை என்கிற அர்த்தத்தில்.

“குழப்பம் உண்டு டாக்டரே. ஆடுத பலகையில எழுதுகது எப்படி நேரா நிக்கும்?” என்று சொல்லிக்கொண்டே மனிதர் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார். மூன்று டாக்டர்களும் காலை இழுத்துக்கொண்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையையும் இந்த மனிதர் மேசைக்கு அடியில் கொண்டுபோகிறாரே என்று நினைத்தேன்.

அடியிலிருந்து ஒரு கை வந்தது. உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ.

“காலுல ஸ்க்ரூ விழுந்து போச்சு. நான் பலகையத் தாங்கிக்கிடுதேன். நீரு இத ஓட்டையில வச்சு ரெண்டு சுத்து சுத்தும்.”

வேலை என்று சொன்னால் என் உடம்பு கேள்வி கேட்காது. முட்டி போட்டேன். ஸ்க்ரூவை வலது கையால் எடுத்தேன். விழுந்தது. இடது கையால் எடுத்து வலது கையில் வைத்தேன். விழுந்தது. மூன்றாவது தடவை நடுவிரலையும் மோதிர விரலையும் வைத்து இடுக்கிப் பார்த்தேன். ஓட்டை வரைக்கும் போயிற்று, பிறகு நழுவி உருண்டு டாக்டரம்மாவின் செருப்பில் போய் நின்றது. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர்கள் ரெண்டு பேரும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆசாரி பலகையைத் தலையால் தாங்கியபடி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “முடியுமா ஓய்?”

“முடியல ஆசாரியே.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

ஆசாரி வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொன்னார்: “இவரு மேஸ்திரிக்குப் பதில் சொல்லிப் பழகின ஆளு. முடியுமான்னு கேட்டா முடியும்னுதான் சொல்லுவாரு. செய்யச் சொல்லிப் பாருங்கோ.”

டாக்டரம்மா எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். இந்தத் தடவை முடியுமா என்ற கேள்வியே வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். சாவியைத் திருப்பச் சொன்னார். தரையில் கிடந்த நாணயத்தை எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் என் கையே பதில் சொன்னது. எழுதி முடித்ததும் அவர் ஆசாரியைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

“பைஸ்டாண்டர்.”

அதோடு நிறுத்தினால் அவர் போர்டு ஆசாரியா? போர்டு என்றால் உண்மையில் டாக்டர்மார் இல்லை, அவர்களுக்கு முன்னால் கிடக்கும் பலகைதான், அதனால் அதை ஆடவிடக் கூடாது என்று அவர் கப்பலில் ஆரம்பித்தார். சின்ன டாக்டர் ஒருவர் பேனாவை மூடிவைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்தார். டாக்டரம்மாதான், “மதி, மதி, வெளியே ஆளுண்டு” என்று, போதும் என்கிற அர்த்தத்தில், சிரித்துக்கொண்டே அனுப்பினார். போகும்போது ஆசாரி மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அடியிலிருந்து வெளியே வருமுன் எப்போது முறுக்கினாரோ, எனக்குத் தெரியாது.

வராந்தாவில் வைத்துக் கேட்டேன், எல்லாம் வேண்டுமென்று செய்ததா என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பலகை ஆடிச்சு. முறுக்கினேன்” என்றார். சான்றிதழ் அடுத்த மாசம் வந்தது. மகள் இப்போது கடைசி வருஷம்.

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசாரி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார். எனக்கு நீட்டுவதற்கு முன்னால், எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டே, மூடியைத் திருகி உடைத்து, மறுபடி லேசாக மேலே வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் கைக்கு வருகிற எந்த பாட்டிலும், எந்த டப்பாவும் இறுக்கி மூடியிருந்ததில்லை. எதையும் கப்பல் காலத்திலிருந்து விளக்காமல் விடாத அந்த மனிதர், இதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.